டூர் பாய் பதில்கள்: பொட்டோடு போகலாமா?

போன மாதம் நாகூர் போய் வந்ததைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: "நாங்கள் முஸ்லிம் இல்லை. பள்ளிவாசல், தர்கா என்று சுற்றிப் பார்க்கப் போகலாமா? போனால் எப்படி நடந்துகொள்வது?" ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி: சேலம் டவுன்காரன். 26 வருஷம் சமையல்காரரும் பாத்திரமுமாக பஸ் ஏற்றி, காசி, அஜ்மீர், வேளாங்கண்ணி, நாகூர் என்று ஆட்களைக் கூட்டிப் போனவன். கடைசிப் பத்து வருஷம் வெளிநாடும் சேர்ந்துகொண்டது. ஊரில் 'டூர் பாய்' என்றால் தெரியும். வெளியூர்க்காரர்கள் போன் பண்ணினால் மட்டும் யாரோ ஆபீஸ் பையன் என்று நினைத்து, "பெரியவங்க இருந்தா குடுப்பா" என்பார்கள். எனக்கு வயது 67.

மகள் அபுதாபியில் இருக்கிறாள். அங்குள்ள பெரிய பள்ளிவாசலுக்கு எங்களைக் கூட்டிப் போகிறேன் என்கிறாள். நான் புடவை, பூ, பொட்டு, தாலி என்று இருப்பவள். எதையாவது கழற்றச் சொல்வார்களா? வாசலில் அவமானப்பட்டு நிற்கக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் தறிக்காரர். அவருக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
*வாசகி, அம்மாபேட்டை*

பூ, பொட்டு, தாலி எதையும் யாரும் தொட மாட்டார்கள் தாயே. அவர்கள் பார்ப்பது உடம்பு மூடியிருக்கிறதா என்பதை மட்டும். பெண்களுக்குத் தலையில் முக்காடு, கை மணிக்கட்டு வரை, கால் கணுக்கால் வரை. இறுக்கமான துணியும் உடல் தெரியும் துணியும் கூடாது. புடவையில் தகராறு புடவையால் வருவதில்லை, ரவிக்கையால் வருகிறது. அரைக் கையும் இடுப்பும் வெளியே தெரியும். முழுக்கைச் சுடிதார் போட்டு ஒரு பெரிய பருத்தித் துப்பட்டா எடுத்துக்கொண்டால் கவலையே இல்லை. புடவைதான் என்று பிடிவாதமாக இருந்தால், மகளிடம் சொல்லி, அபாயா என்னும் நீளமான அங்கி ஒன்று வாங்கி மேலே போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டாவுக்கு ஊக்கு மறக்காதீர்கள். நைலான் துணி பத்தடிக்கு ஒரு தடவை வழுக்கி விழும். நீங்கள் குவிமாடத்தைப் பார்ப்பீர்களா, முக்காட்டைப் பிடிப்பீர்களா?

உள்ளே போகக் கட்டணம் கிடையாது. ஆனால் முன்கூட்டியே இணையத்தில் பெயர் பதிந்துவிட வேண்டும். அது மகள் வேலை. படம் எடுக்கலாம். கணவன் மனைவி கட்டிக்கொண்டு நிற்பது, இரண்டு விரலை நீட்டுவது, சினிமா நாயகி போல முந்தானையை வீசுவது இதெல்லாம் ஆகாது. காவலர் வந்து பணிவாகத்தான் சொல்வார், ஆனால் எல்லார் முன்னாலும் சொல்வார்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் விஷயம். 2007-இல் திறந்த ஷேக் சயீத் பள்ளிவாசலில் 82 குவிமாடங்கள் இருக்கின்றன, ஆயிரத்துக்கு மேல் தூண்கள் இருக்கின்றன. அதையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அவரைத் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். தொழுகைக் கூடம் முழுக்க ஒரே விரிப்பு, 5,627 சதுர மீட்டர். ஈரானில் சுமார் 1,200 பேர் உட்கார்ந்து கையால் முடிச்சுப் போட்டது. துண்டு துண்டாகக் கொண்டுவந்து அங்கேயே வைத்து ஒட்டுத் தெரியாமல் இணைத்தார்கள். என்னோடு வந்த ஒரு தறிக்காரர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாய், இது பாவு ஊடை இல்லை, ஒவ்வொண்ணும் தனி முடிச்சு" என்றார். அந்த விரிப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. முடிச்சின் உயரத்தைச் செதுக்கி, வரிசை வரிசையாக மெல்லிய மேடு விட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பூ வேலைதான் தெரியும், கோடு தெரியாது. தொழ நிற்பவர் அதைப் பார்த்துத் தோளோடு தோள் சேர்ந்து நேராக நிற்பார். எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் இதையே பாயில் ஒரு பட்டை ஓட்டி முடித்துவிடுவோம்.

ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம். நானும் கணவரும் துருக்கி போகிறோம். ஹாகியா சோபியா பழைய தேவாலயம் என்பதால்தான் எனக்கு ஆசையே. அங்கே நான் சிலுவை அடையாளம் போட்டு ஜெபிக்கலாமா? இப்போது பள்ளிவாசல் என்கிறார்களே, கோபித்துக்கொள்வார்களா?
*வாசகி, ஏற்காடு*

537-இல் எழுந்த தேவாலயம் அது. 1453-இல் பள்ளிவாசல் ஆனது. 1934-இல் அரசு முடிவெடுத்து, 1935-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 2020 ஜூலையில் மறுபடி பள்ளிவாசல். ஒரு கட்டடத்துக்கு இத்தனை ஞானஸ்நானம்! 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தனி வழி. 25 யூரோ கட்டி மேல் மாடத்துக்குப் போகலாம். கீழ்த்தளம் தொழ வருகிறவர்களுக்கு. உங்களுக்கு இது நஷ்டம் இல்லை. நீங்கள் பார்க்க ஆசைப்படும் பழைய மொசைக் ஓவியங்களில் அருமையான ஒன்று, நடுவில் இயேசுவும் இருபுறம் மாதாவும் யோவானும் நிற்பது, மேல் மாடத்தில்தான் இருக்கிறது. கீழே முன்பக்கக் குவிமாடத்தில் குழந்தையோடு இருக்கும் மாதாவைத் தொழுகை நேரத்தில் திரைபோட்டு மறைப்பார்கள். பார்க்க மனசுக்கு ஒரு மாதிரியாக இருக்கும். எனக்கே இருந்தது. குர்ஆனில் ஒரு முழு அத்தியாயம், 19-ஆவது, மர்யம் அம்மையார், அதாவது உங்கள் மாதா, பெயரில்தான் இருக்கிறது. திரையின் காரணம் அவர்மேல் வெறுப்பு இல்லை. தொழும் திசையில் எந்த உருவமும் இருக்கக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு.

மனசுக்குள் ஜெபியுங்கள் அம்மா. அதை எந்தக் காவலரும் சோதித்துப் பார்க்க முடியாது. முழங்காலிடுவது, சத்தமாகப் பாடுவது, ஜெபமாலை எடுப்பது வேண்டாம். சும்மா கை கட்டி நிற்கும்போது நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

எதிர்த்தாற்போல் சுல்தான் அகமது பள்ளிவாசல் இருக்கிறது. நீலப் பள்ளி என்பார்கள். ஆறு மினாராக்கள், உள்ளே இஸ்னிக் ஊரில் செய்த வண்ணச் சுவர் ஓடுகள் 20,000-க்கு மேல். அங்கே கட்டணம் இல்லை. ஐந்து வேளைத் தொழுகை நேரத்திலும் சுற்றுலாக்காரர்களை நிறுத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்த பிறகுதான் திறப்பு. அங்கே நான் பட்ட வெட்கத்தைச் சொல்கிறேன். 2014. என் கூட்டத்தை வரிசையில் நிறுத்திவிட்டு, நான் முஸ்லிம்தானே என்று தொழுகிறவர்கள் வாசல் வழியாக உள்ளே போனேன். மதியத் தொழுகை முடிந்தது. பக்கத்தில் ஆட்கள் இன்னும் கையேந்தி துஆ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் போனை எடுத்து, அண்ணாந்து படம் எடுத்து, அப்படியே அந்த ஆட்களையும் சேர்த்து எடுத்தேன். பின்னால் இருந்த ஒரு பெரியவர் எட்டி என் கையிலிருந்து போனை வாங்கினார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் என் சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டினார். வெளியே வரிசையில் நின்ற என் ஆட்கள், முனியப்பன் கோயில் பூசாரி உட்பட, ஒருத்தர்கூட அப்படிப் படம் எடுக்கவில்லை. இன்று வரை அவர்களிடம் இதைச் சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டேன், படித்துக்கொள்ளட்டும்.

எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. அம்மாவுக்கு முழங்கால் வலி. நாகூருக்கு நேர்ந்துகொண்டு வெள்ளியில் கால் செய்து போடணும் என்கிறார். இந்துக்கள் போடலாமா? ஓதிக் கொடுக்கும் சர்க்கரையைச் சாப்பிடலாமா? தர்காவும் பள்ளிவாசலும் ஒன்றா, வேறா?
*வாசகர், செவ்வாய்ப்பேட்டை*

கொலுசு செய்கிற கை கால் செய்யத் தயங்குவதா! தாராளமாகப் போடலாம் தம்பி. நாகூரில் கண், கை, கால், வீடு, கப்பல் என்று தகடு போடுவது வழிவழியாக வருவது. போடுகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் போன்றவர்கள்தான். மொட்டை அடிக்கிறவர்களும் அப்படியே. அங்கே ஐந்து மினாராக்கள் இருக்கின்றன. அதில் 131 அடி உயரத்தில் நிற்கும் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிங். ராஜாவுக்கே வழிவிட்ட இடத்தில் பட்டறைக்காரருக்கு என்ன தடை? சர்க்கரை சாப்பிடுங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். இரண்டும் வேறு. தர்கா ஒரு பெரியவர் அடங்கிய இடம். நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டவர். அங்கே சந்தனம் உண்டு, சாம்பிராணி உண்டு, போர்வை, பூ, மயிலிறகால் தடவி ஓதுவது எல்லாம் உண்டு. கோயிலுக்குப் போய்ப் பழகியவருக்கு அங்கே கைகால் தானாக ஓடும். பள்ளிவாசல் அப்படி இல்லை. அது தொழும் இடம், அவ்வளவுதான். நம்மூரில் உள்ளே மேற்குப் பக்கம் ஒரு சுவர் இருக்கும். அதில் ஒரு மாடம், அதன் பக்கத்தில் இமாம் ஏறிப் பேச ஒரு படிமேடை, ஒரு கடிகாரப் பலகை. புதிதாக வருகிறவர்கள் சந்நிதி எங்கே என்று தேடுவார்கள். கீழக்கரையில் வள்ளல் சீதக்காதி அடங்கியிருக்கும் பழைய ஜும்ஆ பள்ளிக்குத் தாரமங்கலத்துப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போனேன். கல்தூண், போதிகை எல்லாம் அவர் ஊர்க் கோயில் மண்டபம் மாதிரியே இருக்கும், உருவம் மட்டும் இருக்காது. மனுஷர் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, கடைசியில் தொழுகை நேரம் காட்டும் கடிகாரங்களைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற மோதினார், தொழுகைக்கு அழைப்பவர், சிரிக்கவில்லை. "நானும் அதைப் பார்த்துத்தான் அஞ்சு வேளையும் பாங்கு சொல்றேன்" என்றார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லா முஸ்லிமும் தர்காவுக்குப் போவதில்லை. அடக்க இடத்தில் வேண்டுதல் வைப்பது கூடாது என்பவர்கள் உண்டு. என் தம்பியே அந்தக் கட்சி. என்னோடு ஒரே பஸ்ஸில் நாகூர் வருவான், வெளியே டீக்கடையில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருப்பான். நாங்கள் திரும்பி வந்ததும், "முடிஞ்சுதா, கிளம்பலாமா?" என்பான். இருபது வருஷமாக இப்படித்தான். உங்களிடம் யாராவது "அங்கெல்லாம் போகாதீங்க" என்றால் வாதம் செய்யாதீர்கள். அது எங்கள் வீட்டுச் சண்டை.

காசு விஷயத்தில் உஷார். வடக்கே ஒரு பெரிய தர்காவில் ஒருவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, இன்னார் 11,000, இன்னார் 5,100 என்று காட்டினார். என் அண்ணன் மகள் பயந்துபோய்ப் பர்ஸைத் திறந்துவிட்டாள். உண்டியல் கண்ணுக்கு எதிரே இருக்கிறது, நீங்கள் நினைத்ததை அதில் போடுங்கள். புத்தகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கந்தூரிக்கு, அதாவது தர்காவின் வருஷ விழாவுக்கு, போவதாக இருந்தால் தேதியை அந்தந்த வருஷம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஹிஜ்ரி வருஷம் ஆங்கில வருஷத்தைவிடப் பத்துப் பதினோரு நாள் குறைவு, அதனால் ஒவ்வொரு வருஷமும் முன்னால் தள்ளி வரும். முழங்கால் வலிக்காரரைச் சந்தனக்கூடு கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். சாதாரணச் செவ்வாய், புதனில் போங்கள். அப்புறம், டாக்டரையும் பாருங்கள்.

ஆக்ரா வரை போய்த் தாஜ்மகாலைப் பார்க்காமல் வந்தோம். வெள்ளிக்கிழமை மூடியிருந்தது. கூட்டிப் போனவர் முன்பே சொல்லவில்லை. நியாயமா?
*வாசகர், நாமக்கல் ரோடு*

நியாயமே இல்லை. தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை என்பது என் தொழிலில் முதல் பாடம். அங்கே மேற்குப் பக்கம் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அன்றைக்கு உள்ளூர்க்காரர்கள் மதியம் தொழ மட்டும் திறப்பார்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிடைக்காது, இருந்தாலும் கேளுங்கள்.

நண்பன் ஜித்தாவில் வேலை செய்கிறான். டூரிஸ்ட் விசாவில் வரச் சொல்கிறான். நான் இந்து. மக்காவையும் மதீனாவையும் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசை. முடியுமா? காரில் போனால் யார் கேட்கப் போகிறார்கள் என்கிறான்.
*வாசகர், அஸ்தம்பட்டி*

உன் ஆசையைப் படித்ததும் என் பெண்டாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். அதனால் 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்: மக்கா முடியாது தம்பி. ஊருக்கு வெளியிலேயே பாதை பிரிந்துவிடும், முஸ்லிம் அல்லாதவர் அந்த எல்லைக்குள் போகக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். 2019 செப்டம்பரில் சுற்றுலா விசா கொடுக்க ஆரம்பித்த பிறகும் இதில் மாற்றம் இல்லை. "யார் கேட்கப் போகிறார்கள்" என்பவன் உன் நண்பனே ஆனாலும் கேட்காதே. 2022-இல் இஸ்ரேல் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் இப்படித்தான் காரில் ரகசியமாக மக்காவுக்குள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். உதவி செய்ததாகப் பிடிபட்டது ஒரு சவூதிக்காரர். பிழைக்கப் போன இடத்தில் உன் நண்பன் அப்படி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மதீனா வேறு கதை. முன்பெல்லாம் நகருக்குள்ளேயே விட மாட்டார்கள். இப்போது நகருக்குள் போகலாம். நபிகள் பள்ளிவாசல் வளாகத்துக்குள் மட்டும் போக முடியாது. ஜித்தாவிலிருந்து 2018-இல் தொடங்கிய வேக ரயில் இருக்கிறது. வளாகத்துக்கு வெளியே தெருவில் நின்றால் அந்தப் பச்சைக் குவிமாடம் தெரியும் இடமாகப் பார்த்து உன் நண்பன் நிறுத்துவான். மாலை மஃரிப் தொழுகை நேரத்துக்கு முன் போ. பாங்கு சொல்லும்போது தெருவே ஒரு பக்கமாக நகரும். பெருநாள் அன்று நம்மூர்த் தெருவில் நீ பார்த்த நகர்வுதான், ஆனால் அங்கே அது தினம் ஐந்து வேளை.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிவாசல். பத்து வருடமாகத் தாண்டிப் போகிறேன். ரம்ஜானில் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாது. பெண்களை விடுவார்களா? கேட்கலாமா?
*வாசகி, குகை*

அபுதாபி, இஸ்தான்புல் என்று எழுதியவர்களுக்கெல்லாம் நீ ஒரு குட்டு வைத்திருக்கிறாய் பாப்பா. திருமணிமுத்தாற்றங்கரை ஜாமியா மசூதி நம் ஊரிலேயே பழமையானது. திப்பு சுல்தான் அங்கே தொழுதார் என்பது பரம்பரையாகச் சொல்லும் பேச்சு. என்னோடு துருக்கி வந்த சேலத்துக்காரர்களைக் கேட்டேன், ஒருத்தர்கூட அதன் வாசற்படியைத் தாண்டியதில்லை.

பெண்கள் விஷயத்தில் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நம் பக்கத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்களுக்குத் தொழ இடம் வைத்துக் கட்டவில்லை. புதிதாகக் கட்டுவதில் சிலவற்றில் தனி வழி, தனி மாடி வைக்கிறார்கள். என் வீட்டம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது வரை பள்ளிவாசலின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஐந்து வேளை வீட்டில் தொழுகிறவள். என் சட்டையில் ஒட்டியிருக்கும் அத்தர் வாசனையை வைத்து, "இன்னைக்கு ஜும்ஆவில் கூட்டம் அதிகமோ?" என்பாள். சிங்கப்பூருக்கு ஒரு கூட்டத்தைக் கூட்டிப் போனபோது அவளும் வந்தாள். அங்கே சுல்தான் பள்ளிவாசல், 1932-இல் கட்டி முடித்தது. தங்க நிறக் குவிமாடத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு வளையம் தெரியும். உற்றுப் பார்த்தால் அத்தனையும் கண்ணாடிப் பாட்டில்களின் அடிப்பாகம். பணம் கொடுக்க முடியாத ஏழைகளும் கட்டடத்தில் பங்கு பெற வேண்டும் என்று பாட்டில் சேர்த்துக் கொடுத்ததாம். என் கூட்டத்துக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் சுற்றுலாக்காரர்களுக்கு அங்கி கொடுக்கும் தன்னார்வப் பெண், புர்கா போட்டிருந்த என் வீட்டம்மாளைப் பார்த்து, தமிழில், "தொழவா, பார்க்கவா?" என்று கேட்டாள்.

இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதில் எனக்கும் வரவில்லை. அந்தப் பெண்ணே மாடிப்படியைக் காட்டினாள். முக்கால் மணி நேரம் வரவில்லை. பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இறங்கி வந்தவள், "விரிப்பு மெத்துனு இருக்கு" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆகவே நீ கேள். தயங்காமல் கேள். அம்மாவையோ டீச்சரையோ கூட்டிக்கொண்டு, மதியத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்வதற்கு முன், ஒரு மூன்று மணி வாக்கில் போ. வெள்ளிக்கிழமை வேண்டாம். உள்ளே நேரே போகாமல் வாசலில் நின்று மோதினாரையோ கமிட்டி ஆபீஸில் இருப்பவரையோ கூப்பிட்டு, "பார்த்துட்டுப் போகலாமா?" என்று சொல். தலைக்குத் துப்பட்டா போட்டுக்கொள். முடியாது என்றால் கோபப்படாதே. அடுத்த பள்ளிவாசலில் கேள். அங்கேயும் இல்லை என்றால் இதழ் முகவரிக்கு ஒரு கடிதம் போடு. நானும் வீட்டம்மாளும் வருகிறோம், நாலு பேராகப் போய்க் கேட்போம். அவளுக்கும் அந்தப் பள்ளிவாசலைப் பார்க்க வேண்டுமாம். போய்விட்டு வரும்போது தட்டுவடை செட் வாங்கித் தருவது உன் கணக்கு.